முதல் இலை விஜய்குமாருக்கு

கனகா பார்க்காத ஊரே கிடையாது என்று மைசூர் அக்ரஹாரத்தில் அவள் குடியிருக்கும் சந்தில் ஒரு பேச்சு உண்டு. காசி, பூரி, டெல்லி, ஆக்ரா, ராமேஸ்வரம், கோவா என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். "கொடுத்து வெச்ச மகராசி" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் பெருமூச்சு விடும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போனாள், சரி. பார்த்தாளா? டூர் பஸ்ஸில் போகும் சமையல்காரி எந்த ஊரை ஐயா பார்த்தாள்?

அந்த வேலையின் லட்சணம் அப்படி. மைசூரிலிருந்து கிளம்பும் டூர் பஸ்களில் பயணிகளோடு ஒரு அடுப்படியும் கூடவே போகும். பஸ்ஸின் வயிற்றில் சிலிண்டர், அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. கடைசி சீட்டில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே கனகாவும் அவளுடைய கூட்டாளி பஞ்சவர்ணமும். பார்க்க வேண்டிய இடம் வந்ததும் பயணிகள் தொப்பியும் போனுமாக முன்கதவு வழியே இறங்குவார்கள். இவர்கள் பின்னால் இறங்கி ஒரு மரத்தடியையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் தேடுவார்கள். அவர்கள் பார்த்து முடித்து வியர்த்து வரும்போது சோறும் சாறும் கூட்டும் அப்பளமும் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டதும் இவர்கள் கழுவி ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பஸ் கிளம்பிவிடும். தாஜ்மஹால் எப்படி இருக்கும் என்று கனகாவைக் கேட்டால், அங்கே குழாயில் தண்ணீர் சன்னமாகத்தான் வரும் என்பாள். பொய் இல்லை. அவள் கண்டது அதுதான்.

அதற்காக அவள் அழுது வடிபவள் என்று நினைத்துவிட வேண்டாம். அழுகிற ஜாதியே இல்லை. ஹனூருக்கு அப்பால், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் ஒரு ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தாள். கட்டியவன் வேறு ஒருத்தியோடு போனபோது, அவன் விட்டுப்போன சட்டைகளைக் கரித்துணியாகக் கிழித்து வைத்துக்கொண்டு கல்யாணச் சமையலுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கிருந்து டூர் பஸ். அறுபது பேருக்குச் சமைக்கிற கை; அண்டாவைத் தனியாளாகத் தூக்குகிற இடுப்பு. வாயும் அதற்கேற்றது.

அவளுக்கு ஒரே ஒரு குறை. அதைத்தான் சொல்ல வந்தேன். தினமும் ஊர் பேர் தெரியாத அறுபது பேருக்கு இலை போடுகிறாள். கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு இலை போட முடியவில்லை.

தம்பி பெயர் விஜய்குமார். அம்மா வயலில் இருந்த காலமெல்லாம் கனகாவின் இடுப்பில் வளர்ந்தவன். களியைக்கூட அவள் உருட்டிக் கொடுத்தால்தான் வாய் திறப்பான். மலையடிவாரத்தில் பிறந்த பயல், கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவன், எப்படியோ கடற்படையில் போய்ச் சேர்ந்தான். இருபத்துநாலு வயதில், மழைக்காலத்தில் நடுக்கடலில் கவிழ்ந்துகொண்டிருந்த படகுக்காரர்களைக் காப்பாற்றப் போன இடத்தில் அலை அவனைக் கொண்டுபோய்விட்டது. தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்கவில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை அப்பா கெம்பையன் இறுகப் பிடித்துக்கொண்டார். மாளய அமாவாசை வந்தால் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் செத்தவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து, ஆளுக்கொரு இலையில் படைத்து, காக்கை எடுத்த பிறகுதான் வீட்டார் வாயில் பருக்கை போகும். கெம்பையன் தன் அப்பனுக்குப் போடுவார், ஆத்தாளுக்குப் போடுவார், பெண்டாட்டி போன பிறகு அவளுக்கும் போட்டார். மகனுக்கு மட்டும் போடமாட்டார். இலை போட்டால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் இல்லையா? ஒரு வருஷம் கனகாவே அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையை விரித்தாள். மனிதர் அதை உருவிக் கொல்லையில் எறிந்தார்.

"பாக்காத பொணத்துக்கு எலை போட நான் என்ன பைத்தியகாரனா? அவன் வருவான். வந்து இந்த எலையப் பாத்தான்னா என்ன நெனைப்பான்?"

"இருவது வருசமா வராதவன் எங்கிருந்துங்ப்பா வருவான்? பசியில கெடப்பானுங், பாவம்."

"பொட்டப்புள்ள எலை போடற வழக்கம் நம்ம வூட்டுல இல்ல. எந்திரிச்சுப் போ."

எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு அப்பனுக்கும் மகளுக்கும் போனில் நலம் விசாரிப்பதோடு சரி. மாதேஸ்வரன் மலையில் யாரோ நினைவு தப்பிய ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று எவனாவது சொன்னால் போதும், கெம்பையன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதை யாராவது வந்து சொல்லும்போது கனகாவுக்கு அப்பன்மேல் வருகிற கோபத்தில் பாதி அழுகையாக இருக்கும். அதை அவள் வெளியே காட்டமாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பியோடு கப்பலில் இருந்த சீனிவாசன் என்பவர் கூப்பிட்டார். மங்களூருக்கு வடக்கே, கடற்கரையில் ஒரு சின்ன ஊர். பழைய யுத்தங்களில் செத்த அந்தக் கரையோரத்துச் சிப்பாய்களுக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் உண்டு. அதன் பின்னால் கடலில் பணியின்போது போனவர்களுக்காகப் புதிதாக ஒரு கருங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அதில் விஜய்குமார் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிப் படமும் அனுப்பினார். கனகா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பு இல்லாதவனுக்கு ஒரு கல் கிடைத்திருக்கிறது. கல் இருந்தால் இலை போடலாம்.

உடனே பஸ் பிடித்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் ஆறிய சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய்த் தம்பிக்கு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. களி ஆறினால் கல். அவனுக்குச் சுடச்சுடத்தான் வேண்டும். சர்க்கார் பஸ்ஸில் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அடுப்போடு போகும் பஸ் ஒன்று அவளைத் தேடி வந்தது. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற ஓய்வு பெற்றவர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குத் தலைவி அன்னபூர்ணி அம்மாள். அவருடைய அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர், அம்மாளும் ரயில்வேயிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். தசராக் கூட்டம் வருமுன் ஊரைவிட்டு ஓட வேண்டும். கோயில் குளமெல்லாம் பார்த்தாயிற்று, இந்தத் தடவை கரையோரக் கோட்டைகள், பழைய துறைமுக ஊர்கள், சிப்பாய்களின் நினைவிடங்கள் மட்டும்தான் என்று அம்மாள் அறிவித்தார். பித்ரு பட்சத்தில் யாரும் டூர் போகமாட்டார்கள் என்று டூர் மேனேஜர் கிரண் தயங்கியபோது, "கோட்டை பாக்க நாள் நட்சத்திரம் என்னத்துக்குப்பா? உன் பஸ் சும்மாதானே நிக்கறது?" என்று அவன் வாயை அடைத்தார். கிரண் ஊர்களின் பெயரை வரிசையாகப் படித்தான். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கனகாவின் கை ஒரு பெயரில் நின்றது. அதே ஊர். நாளைக் கணக்குப் போட்டாள். மாளய அமாவாசை அன்றே பஸ் அங்கே நிற்கிறது!

"கிரண் தம்பி, அந்த ஊருல எனக்கு அர மணி நேரம் வேணும். என்ற தம்பி பேரு அங்க இருக்குது."

"பாக்கலாம் அக்கா" என்றான் கிரண்.

கிரண் மோசமானவன் இல்லை. முப்பத்தைந்து வயசு, அப்பா காலத்திலிருந்து மைசூர்த் தமிழன், கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆனால் அவன் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். கனகாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேழ்வரகு மாவைத் தனியாக ஒரு டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. முதல் நாள் மங்களூர். கூட்டம் சுல்தான் பத்தேரிக் காவல் கோபுரத்தில் ஏறி ஆற்றைப் பார்த்தது. கத்ரிப் பூங்காவுக்குப் பக்கத்துப் போர் நினைவிடத்தில் தொப்பியைக் கழற்றி நின்றது. கனகா அவரைக்காய் ஆய்ந்தாள். அடுத்த நாள் பார்க்கூர். அந்தக் காலத்தில் ராஜாக்கள் ஆண்ட பட்டணம், இப்போது வயலுக்கு நடுவே கல் தூண்கள் நிற்கின்றன என்று சாப்பிடும்போது அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டாள். சாறு இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டாள். கடல் ஜன்னல் வழியே வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு தடவை அது தெரியும்போதும் பஞ்சவர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் புருஷனைப் புதைத்தவள்.

மூன்றாம் நாள் அமாவாசை. அன்றைக்கு வெங்காயம், பூண்டு கூடாது என்று பயணிகள் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வெங்காய மூட்டையின் வாயைக் கட்டிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, இருட்டு பிரியுமுன் கனகா தலைக்குக் குளித்தாள்.

பஸ் அந்த ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடலைப் பார்த்து ஒரு மதில், மதிலுக்குமேல் கொடி. உள்ளே தூணின் தலை மட்டும் தெரிந்தது. பயணிகள் முன்கதவு வழியே இறங்கி உள்ளே போனார்கள். கிரண் மதிலுக்கு வெளியே ஒரு புங்க மரத்தைக் காட்டி, "இங்கேயே அடுப்பு போட்டுடலாம் அக்கா. ஒரு மணிக்கு ஊட்டா, சாப்பாடு ரெடியா இருக்கணும்" என்றான்.

"தம்பி, அர மணி நேரம் கேட்டிருந்தனே."

"அக்கா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. எல்லாம் வயசானவங்க, ஷுகர் கேஸ். லேட்டானா யாராவது தலை சுத்தி விழுந்துடுவாங்க. திரும்பி வரும்போது இந்த வழியாத்தானே வருவோம், அப்போ பஸ்ஸை ஸ்லோ பண்ணச் சொல்றேன். ஜன்னல்லருந்து கை எடுத்துக் கும்பிடுங்க."

ஜன்னலிலிருந்து! இருபது வருஷமாக ஜன்னலிலிருந்து பார்த்தது போதாதா? கனகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சமையல் என்னவோ சரியாகவே நடந்தது. சோறு வெந்தது, பருப்புச்சாறு கொதித்தது, கூட்டு, அப்பளம் எல்லாம் ஆயிற்று. ஆனால் பெரிய அண்டாக்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்திரம் ஏறியிருப்பதைக் கிரண் கவனிக்கவில்லை. கீரையும் பயறும் வேகவைத்து வடித்த உப்புச்சாறு. அதையடுத்துக் களி. துடுப்பால் அழுத்திக் கிண்டி, ஈரக் கையால் உருட்டி, நடுவில் குழி பண்ணி நெய் ஊற்றினாள். பிறகு அண்டாக்களையெல்லாம் மூடி, மூடிகளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். சோற்றுக் கரண்டி, சாற்றுக் கரண்டி, கூட்டுக் கரண்டி எல்லாவற்றையும் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"என்னடி பண்றே?" என்றாள் பஞ்சவர்ணம், தெரிந்துகொண்டே.

"எவனாச்சும் மூடியத் தொறக்க வந்தா கையில சூடு வெய்யி."

"வெக்கறன். நீ போ."

கிரண் ஓடி வந்தான். "அக்கா, ஏன் அக்கா, எல்லாரும் வந்துட்டாங்க, இலை போடணும்!"

"போடறன். மொதல் எலை என்ற தம்பிக்கு. அவன் உண்டதுக்கப்புறம் உங்க எல்லாருக்கும்."

"அக்கா, இது டூர். நீங்க வேலைக்கு வந்திருக்கீங்க."

"ஆமா, வேலைக்குத்தான் வந்தன். இருவது வருசமா ஊரானுக்கெல்லாம் நேரத்துக்குச் சோறு போட்டன். ஒரு நாள் ஒரு நிமிசம் தப்புச்சா? சொல்லு. எவன் பசியில தலை சுத்தி விழுந்தான்? என்ற தம்பிதான்டா பசியில கெடக்கறான்! அவனுக்குப் போடாம உனக்குப் போட மாட்டன். என்னைய எறக்கிவுட்டுட்டுப் போறதுன்னா போ. கரண்டி எல்லாம் எங்கிட்ட இருக்குது."

கை கழுவி வந்து நின்ற பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர், "இதென்ன அட்டகாசம்?" என்று ஆரம்பித்தார். அன்னபூர்ணி அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். "கல்லுல பேர் இருக்கறவாளைப் பாக்கத்தானே மைசூர்லேருந்து வந்தோம்? அந்தப் பேருக்கு அக்கா ஒருத்தி நம்ம பஸ்லயே உக்காந்திருக்கா, நமக்குத் தெரியலை. எனக்கும் ஷுகர்தான். பையில பிஸ்கட் இருக்கு, ஆளுக்கொண்ணு தின்னுண்டு இருங்கோ. நீ போ கனகா!"

கனகா போனாள். ஒரு கையில் வாழை இலை, ஒரு கையில் பாத்திரம், இடுப்பில் கரண்டிகள். போர் நினைவிடத்துக்குள் அப்படியொரு கோலத்தில் யாரும் அதுவரை நுழைந்திருக்கமாட்டார்கள்.

தூணைத் தாண்டியதும் கருங்கல் சுவர். அதற்குப் பின்னால் கடல். கன்னட எழுத்து அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தாள். எத்தனை பெயர்! எத்தனை வீடு! ஒரு பெயரில் கண் நின்றது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். வெயிலில் கல் சுட்டது. அழமாட்டாள் என்று சொன்னேனே, அது பொய்யாயிற்று. வாய்விட்டு, ஊரில் சாவு வீட்டில் அழுகிற மாதிரி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்ற சாமி, எத்தன வருசமாடா பட்டினி கெடந்த? அக்கா வரதுக்கு இத்தன நாளாயிப்போச்சேடா!"

அழுகைச் சத்தம் கேட்டுக் காவலாளி வந்தார். அறுபது வயது இருக்கும், காக்கிச் சட்டை, கையில் குடை. அந்தக் கரையோரத்துக்காரர். அவர் கன்னடத்தில் பேசினார், கனகாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். அழுவதை அவர் தடுக்கவில்லை. இலையை விரித்ததும்தான் தடுத்தார்.

"அம்மா, இங்கே சோறு வைக்கக் கூடாது. இது கோயில் இல்லை."

"கோயிலாக இருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். கோயில் சாமிக்குச் சோறு போட ஆயிரம் பேர் உண்டு. இவனுக்கு என்னைவிட்டால் யாரும் கிடையாது."

"பூ வைக்கலாம். மாலை போடலாம். சாப்பாடு விதியில் இல்லை."

"பூவைத் தின்று பசி ஆறுமா? அவன் வயிற்றைப் பற்றி உங்கள் விதி எழுதியவருக்கு என்ன தெரியும்?" சொல்லிக்கொண்டே களியை இலையில் வைத்தாள். உப்புச்சாற்றை ஊற்றினாள்.

"எறும்பு வரும். நாய் வரும். கல் கறையாகும். ஆபீசர் என்னைத்தான் கேட்பார்."

"எறும்பு வந்தால் வரட்டும். கறையானால் நானே தேய்த்துக் கழுவுவேன், அண்டா கழுவுகிற கை இது. ஆபீசரைக் கூப்பிடுங்கள், அவருக்கும் ஒரு இலை போடுகிறேன்."

"உங்களை மாதிரி ஒவ்வொருவரும் வந்து சோறு வைக்க ஆரம்பித்தால் இந்த இடம் என்ன ஆகும்?"

"வரட்டுமே! இத்தனை பேருக்கும் வீட்டிலிருந்து வந்து சோறு வைக்கட்டும். நன்றாகத்தான் இருக்கும்."

இவர்கள் இருவரும் இப்படி மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது மதில்மேல் உட்கார்ந்திருந்த கடற்கரைக் காக்கை ஒன்று, யாரையும் கேட்காமல் இறங்கியது. களியில் ஒரு கொத்து. தலையைச் சாய்த்து இருவரையும் பார்த்தது. பிறகு இன்னொரு கொத்து, பெரிய கட்டியாக எடுத்துக்கொண்டு தென்னை மரத்துக்குப் போய்விட்டது.

கனகா அழுகையும் சிரிப்புமாக, "சாப்பிட்டுவிட்டான், பார்த்தீர்களா? இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றாள்.

காவலாளி குடையை மடக்கினார். "சாயங்காலம் வரை இருக்கட்டும். நான் எடுத்துக் கடலில் விடுகிறேன். நீங்கள் போங்கள், அம்மா" என்றார்.

வெளியே வந்து அறுபது பேருக்கு இலை போட்டாள். யாரும் தலை சுற்றி விழவில்லை. கிரண் மட்டும் இலையைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்தான். அண்டாக்களைக் கழுவும்போது வந்து நின்று, "ஸாரி அக்கா. நான் இவ்வளவு யோசிக்கலை" என்றான். "யோசிக்காட்டி பரவாயில்ல. அந்த அண்டாவப் புடி" என்றாள் கனகா. இருவரும் தூக்கி ஏற்றினார்கள்.

பஸ் கிளம்பியது. கனகாவுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அப்பனுக்குத் தெரியாமல் செய்தாள் என்ற பேச்சு வரக்கூடாது. இலையை உருவி எறிந்த மனிதருக்கு அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். திட்டட்டும், வாசலை மிதிக்காதே என்று சொல்லட்டும். போனை எடுத்தாள். பஞ்சவர்ணம் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் காக்கைகளின் சத்தம் கேட்டது. கெம்பையன் அப்போதுதான் வீட்டில் இலைகளைப் போட்டு முடித்திருந்தார்.

"அப்பா."

"ம்."

"தம்பிக்கு எலை போட்டுட்டனுங்."

கனகா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க?" என்றார் கெம்பையன்.

"கடலோரத்துலங். அவன் பேரு வெட்டுன கல்லு இருக்குதுங்ப்பா. நான் தொட்டுப் பாத்தன். அதுக்கு முன்னால போட்டன். நீங்க என்ன வேணாலும் திட்டிக்கோங்க, நான் செஞ்சது செஞ்சதுதான்."

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சுங். ரெண்டு வாயி."

கிழவரின் மூச்சு பெரிதாகக் கேட்டது. தொண்டையைச் செருமினார். செருமி முடியவில்லை, வெகுநேரம் செருமிக்கொண்டே இருந்தார். பிறகு குரல் வந்தது, கனகா கேட்டேயிராத ஒரு சின்னக் குரல்.

"என்ன வெச்ச?"

"களியுங், உப்புச்சாறும். நடுவுல நெய் ஊத்துனன்."

"வெங்காயம்?"

கனகா குனிந்து சீட்டுக்கு அடியில் வாய் கட்டிக் கிடந்த மூட்டையைப் பார்த்தாள்.

"பச்ச வெங்காயம் கடிக்காம அவன் என்னைக்குக் களி உண்டான்? மறந்துட்டியா?"

மறந்துதான் போனாள். கிரணோடு மல்லுக்கு நின்றவள், காவலாளியின் விதியைக் காற்றில் விட்டவள், தம்பியின் களியைப் பயணிகளுக்குச் சமைக்கிற கையால் பயணிகளுக்குச் சமைக்கிற மாதிரியே சமைத்துவிட்டு வந்திருக்கிறாள். அமாவாசை, வெங்காயம் கூடாது. யாருக்குக் கூடாது? பஸ்ஸுக்குக் கூடாது. அவனுக்கென்ன வந்தது?

"கத்தி போடாத" என்றது போன். "கையில குத்தி வெய்யி. அவனுக்குக் குத்துனாத்தான் புடிக்கும். போ சாமி. உடனே போ."

கனகா எழுந்து நின்றாள்.

"கிரண்! பஸ்ஸ நிறுத்து!"

"ஏன் அக்கா, என்ன ஆச்சு?"

"நிறுத்துன்னா நிறுத்து!"

"நிறுத்துப்பா!" என்று முன்னாலிருந்து அன்னபூர்ணி அம்மாள் குரல் வந்தது, காரணம் என்னவென்று தெரியாமலேயே. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினான். பஞ்சவர்ணம் அதற்குள் சீட்டுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்து வாய்க்கட்டை அவிழ்த்திருந்தாள். இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொண்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக முன்கதவு வழியே, பயணிகள் ஒவ்வொருவரையும் தாண்டி, கனகா இறங்கினாள். போன் இன்னும் காதில் இருந்தது. "போயிட்டியா?" என்று கெம்பையன் கேட்டுக்கொண்டே இருந்தார். "போறனுங், போறனுங்" என்று சொல்லிக்கொண்டே வேகு வேகென்று கடற்கரைச் சாலையில் நடந்தாள்.

காவலாளி அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பக் கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்ததும், "இப்போது என்ன?" என்றார்.

கனகா வெங்காயத்தை மதில்மேல் வைத்து ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"கதவைத் திறங்கள். என் தம்பிக்கு வெங்காயம் வைக்க மறந்துவிட்டேன்."

அவர் திறந்தார்.